சமதரையில் நிறுத்திப் பார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உன் பச்சைக் கார் பட்டாணிக்கு இருந்த குறையும் போன மாதத்தோடு தீர்ந்தது, அங்கே நீயும் நீ புதிதாக வாங்கியிருக்கும் பழைய வண்டியும் சிரமமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாமே, எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய், பேசலாம் என்றால் அப்பா அதே அறையில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். இதில் பாதி அவரைப் பற்றியது. அதனால் லேபில் சாயங்கால ஷிப்டில் ரத்தக் குழாய்களைச் சுழலவிட்டுவிட்டு, மிஷின் நிற்கும்வரை கிடைக்கிற நேரத்தில் கொஞ்சமும், வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கொஞ்சமுமாக எழுதுகிறேன். நடுவில் எங்காவது பேச்சு அறுந்து போயிருந்தால் மிஷின் நின்றுவிட்டது, எழுந்து போய்விட்டு வந்தேன் என்று வைத்துக்கொள்.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். படிப்பு முடிந்து, படிக்கப் போன ஊரிலேயே நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று நீ முதலில் என்னிடம்தான் சொன்னாய், அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா என்றும் சொன்னாய். நான் நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவரானால் அந்த வாரம்தான் பட்டாணிக்குப் புது சீட் உறை போட்டுக்கொண்டு வந்து நின்றார், நீ வந்ததும் ஓட்டுவாய் என்று, உனக்குப் பிடித்த அந்தக் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறத்தில். பச்சை வண்டிக்கு மஞ்சள் உறை எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அதைப் பார்த்த பிறகு நல்ல சமயம் இன்னும் தள்ளிப் போனது. அதற்குள் ஒரு நாள் நீ போனில், அவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், ஆபீஸ் பக்கத்துலயே வீடு பாத்துட்டேன்ப்பா என்று சொல்லிவிட்டாய். அவர் சரி என்றார், போனை என் கையில் கொடுத்தார், எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. உன்னோடு பேச்சு என்பது, அம்மாகிட்ட குடுக்கறேன் என்ற அளவில் நின்றது. நான் மறைத்தேன் என்பது அவர் கட்சி. சமயம் பார்த்தேன் என்பது என் கட்சி, இன்றைக்கும் அதில் நான் இறங்கி வரவில்லை.

பேச்சு நின்றாலும் வீடு நிற்காது அல்லவா. ஒரே வண்டி, ஓட்டுபவர்கள் இரண்டு பேர். காலையில் அப்பா அதில் நம் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவார், மதியம் சாப்பிட வந்து சாவியைச் சமையலறைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்ப நடந்தே போவார், நான் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போவேன். முன்பெல்லாம் சாவியோடு நாலு வார்த்தையும் கை மாறும், பெட்ரோல் குறைந்திருக்கிறது, பின்டயர் ஒன்றில் காற்று இறங்குகிறது, பிரேக் லேசாகக் கத்துகிறது என்று. இப்போது சாவி மட்டும். தவிர்க்க முடியாத சேதி ஏதாவது இருந்தால் எதிர்வீட்டு வாத்தியார் வழியாகப் போகும். அவர் ரிட்டயர் ஆனதிலிருந்து காலையும் மாலையும் கேட்டருகே செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் பேர்வழி என்று நிற்கிறார், உனக்குத் தெரியுமே. நான் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அப்பா அவரிடம், வைப்பர் சரியா வேலை செய்யல சார், மழை வரும் போல இருக்கு, சொல்லிடுங்க என்பார். வாத்தியார் என் பக்கம் திரும்பி, வைப்பர் சரியில்லையாம்மா என்பார். மாத்தியாச்சுன்னு சொல்லுங்க சார் என்பேன் நான். கொஞ்ச நாள் அந்த மனுஷனும் இதை ரசித்தார். பிறகு ஒரு நாள், கைக்கெட்டற தூரத்துல ரெண்டு பேரும் நிக்கறீங்க, நடுவுல நான் எதுக்குங்க என்று குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். மறுநாள் தானாகவே திரும்ப வந்து நின்றார் என்பது வேறு விஷயம்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பாரே, பழைய பனியன் துணியைப் பிடித்துக்கொண்டு நீ பக்கத்தில் நிற்பாயே, அது இந்தச் சண்டைக்குப் பிறகு நின்றுபோனது. ஞாயிறன்றும் நடந்தே கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார், விடுமுறை நாளில் பூட்டின கடைக்குள் என்ன செய்தாரோ. உன்மேல் இருந்த வருத்தத்தில் வண்டியையும் தலைமுழுகிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். பட்டாணிக்கு வயதாகிவிட்டது, கொஞ்சம் ஆயில் குடிக்கும், கவனிக்காமல் விட்டால் எஞ்சின் அப்படியே இறுகிப்போகும் என்று அவர் ஆயிரம் தடவை சொல்லி அது என் மண்டையில் ஏறியிருந்தது. சரி, உன் வண்டி, நீ என்றைக்காவது விடுமுறைக்கு வந்து ஓட்டக் கேட்டால் என்ன சொல்வது என்று நானே ஒரு ஆயில் கேன் வாங்கி சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். ஏன் மறைக்க வேண்டும் என்றால், அவர் பார்த்தால் நான் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் தெருமுனை திரும்பியதும் நான் பானெட்டைத் திறப்பேன், அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பேன். அதன் நுனியில் இரண்டு கோடு உண்டல்லவா, ஆயில் எப்போதும் கீழ்க்கோட்டை ஒட்டியே இருக்கும், மேல்கோடு வரை ஊற்றி மூடிவிடுவேன். இதை ஒரு நர்ஸ் மாத்திரை கொடுப்பதுபோல வாரம் தவறாமல் செய்தேன்.

சில மாதத்தில் வண்டி புகைய ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர் வாத்தியார்தான், காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலமாகப் புகை கிளம்பி அவர் செடிகள்மேல் போய்ப் படிகிறதாம், யாரும் கேட்காமலே இரண்டு பேருக்கும் தனித்தனியாக வந்து சொன்னார். பிறகு உள்ளே உட்கார்ந்தாலே எண்ணெய் கருகும் வாடை வந்தது, நம் தெரு ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி ஏறியது, சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கியது. நான் என்ன செய்தேன், பாவம் ஆயில் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கவனமாக ஊற்றினேன். அப்பா அதை நிதானத்திடம் கொண்டு போனார். யாரைச் சொல்கிறேன் என்று தெரிகிறதா, எதைக் கேட்டாலும் நிதானமா பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு உலகத்திலேயே அவசரமாக வேலை செய்யும் நம் மெக்கானிக்கைத்தான். அவர் பட்டறை வாசலில் நின்றபடியே புகையைப் பார்த்துவிட்டு, பானெட்டைக்கூடத் திறக்காமல், ரிங் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கித்தான் ஆகணும் என்று சொல்லியிருக்கிறார். எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையங்கள் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும், அதுதான் நீலப் புகை என்பது அவர் விளக்கம். வயதான வண்டிக்கு அது நடக்கக்கூடியதுதான், அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இந்தச் சேதியும் எனக்கு வாத்தியார் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் அன்று நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்ததால் நேராகவே காதில் விழுந்தது. அப்பா கீழே அவரிடம், எதுக்கு சார் இறக்கிகிட்டு, ஓட்டறவ வரப்போறதில்ல, குடுத்துடலாம் என்று சொன்னார். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவர் ஒருவரிடம் பேசிவிட்டாராம், ஞாயிறு காலை வந்து இழுத்துக்கொண்டு போவாராம். வாத்தியார் மேலே என்னை ஒரு தரம் பார்த்தார். எல்லாச் சேதியையும் அச்சுப் பிசகாமல் சொல்கிறவர் இதை மட்டும் சொல்லாமல் செடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அன்றைக்குத்தான் உண்மையாகவே பயம் வந்தது. பேசாமல் இருப்பது சண்டை, சண்டை என்றால் என்றைக்காவது ஒரு நாள் ஓயும் என்று நான் தைரியமாக இருந்தேன். அந்த மஞ்சள் உறையோடு வண்டியைக் கொடுத்துவிட்டார் என்றால் அவர் மனதில் உன்னையே வெளியூர்க்காரி என்று எழுதிவிட்டார் என்று அர்த்தம், பிறகு நான் எந்த சமயம் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

சனிக்கிழமை மதியம் கடைசித் தடவை என்ற நினைப்போடு வண்டியை லேபுக்கு எடுத்துப் போனேன். எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய ரத்தத்திலாவது மோசமான எண் வந்தால் அதை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிட மாட்டோம். சாம்பிளைச் சரியாக எடுத்தோமா, குழாய் மாறிவிட்டதா, மிஷின் ஆடாமல் சமமாக நிற்கிறதா என்று பார்த்து இன்னொரு தரம் ஓட்டுவோம், அதற்கப்புறம்தான் கையெழுத்து. அன்று அப்படி ஒரு சாம்பிளை மறுபடி வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இதைச் செய்கிறவள் என் பெண்ணுடைய வண்டிக்கு மட்டும் வாசலில் நின்றபடி சொன்ன முடிவை வாங்கி வைத்துக்கொண்டேனே என்று. டீ நேரத்தில் கையில் கொஞ்சம் காஸ் துணியை எடுத்துக்கொண்டு கீழே பார்க்கிங்குக்குப் போனேன். சிமெண்ட் தரை, மேஜை மாதிரி சமம். வண்டி நின்று வெகு நேரமாகி எஞ்சின் ஆறியிருந்தது. கம்பியை எடுத்துத் துடைத்து, விட்டு, எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், மறுபடியும் அதேதான்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நம் வாசலில் வண்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நிற்கிறது, ஆயில் எல்லாம் எஞ்சினுக்குள் பின்பக்கம் போய்த் தேங்குகிறது, கம்பி முன்பக்கம் இருக்கிறது, அது குறைவாகத்தான் காட்டும். அளவுக் குவளையைச் சாய்த்துப் பிடித்துப் படித்ததுபோலத்தான், பயிற்சிக்கு வரும் பெண் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே காய்ச்சி எடுத்திருப்பேன். அப்பா எப்போதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வாத்தியார் வீட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள சமதரையில் நிறுத்திப் பார்ப்பார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, நான் அதை அவருடைய ஞாயிற்றுக்கிழமை அலட்டல்களில் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஆனாலும் கணக்கு முழுசாகச் சரிவரவில்லை, நான் ஊற்றியது இவ்வளவு இருக்காது. கொண்டுவந்த காஸ் துணி முழுக்க ஆயிலாகிவிட்டது, கை துடைக்க வேறு துணி தேடி டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் ஒரு ஆயில் கேன், முக்கால்வாசி தீர்ந்தது, கடையில் கண்ணாடி துடைக்கிற அந்த மெல்லிய துணியால் நன்றாகச் சுற்றி வைத்திருந்தது. நான் வாங்கிய அதே ஆயில். டிக்கி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன், முதலில் அழுகை வந்தது, அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. வாட்ச்மேன் வந்து, என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலயா என்றார். ஆகும் என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேனையும் சாப்பாட்டு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அப்பா கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டு வந்தவர் அதைப் பார்த்து நின்றார். பழக்க தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார். வாத்தியார் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், கேட்டில் பூட்டு தொங்கியது. வேறு வழியில்லாமல் அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையிலேயே துடைத்தார், சட்டையில் துடைக்கிற வாடிக்கையாளர்களைத் திட்டுகிறவர். துடைத்து மாட்டிக்கொண்டு, இது எப்பலேர்ந்து என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நீங்க நிறுத்தினதுலேர்ந்து என்றேன். நான் எங்க நிறுத்தினேன் என்றார். அவ்வளவுதான், எனக்கு அதற்குமேல் கோபம் நிற்கவில்லை. கடைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் இத்தனை மாதமும் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கம்பியை எடுத்துப் பாத்தீங்களா என்று கேட்டால், இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதா அது எவ்வளவு குடிக்கும்னு என்கிறார். அடுத்தவர் கண்ணை அளந்து எண் சொல்கிறவர் கம்பியைக் கண்ணால் பார்க்காமலே ஊற்றினார், அளப்பதே பிழைப்பாக உள்ள நான் சரிவில் நிறுத்தி அளந்து ஊற்றினேன். எஞ்சின் கொள்ளாத ஆயிலைப் புகையாகக் கக்கியது, கக்கிக் குறைந்ததை நாங்கள் இரண்டு பேரும் மறுபடி நிரப்பினோம். இந்தச் சரிவுலயா வச்சுப் பாத்த என்று அவர் கேட்க, பாக்காம ஊத்தினதுக்கு அது மேல் என்று நான் சொல்ல, வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் சத்தமாக ஒரு சண்டை நடந்தது, எனக்குக் காது குளிர்ந்தது. சாப்பாடு ஆறிப்போனது, சூடு செய்து இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. ரிங்கும் போயிருக்கலாம் இல்லியா என்று படுக்கப் போகும் முன் அவர் சொன்னார், அதுவும் நியாயம்தான், ஒரு கோளாறு இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. மறுநாள் வண்டி வாங்குபவர் வரும் முன்பே பட்டாணியை மெதுவாக உருட்டிக்கொண்டு நிதானத்தின் பட்டறைக்குப் போனோம். அப்பா கேனைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், புகையைப் பாத்தா ரிங் மாதிரியே இருந்துச்சு சார் என்றார். அடியில் உள்ள திருகைக் கழற்றிவிட்டார், தட்டு நிரம்பி வழியும் அளவுக்கு ஆயில் இறங்கியது, மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாயிலும் ஃபில்டரிலும் ஆயில் சொட்டியது, ஸ்பார்க் பிளக்குகளின் நுனி கறுத்து ஈரமாக இருந்தது. குழாயையும் பிளக்கையும் துடைத்து, ஃபில்டரை மாற்றி, அளந்து புது ஆயில் விட்டார். பிளக்கைத் திரும்ப மாட்டும் முன் அந்த ஓட்டைகளில் ஒரு மீட்டரைத் திருகி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். ரிங் தேய்ந்திருந்தால் அங்கே எண் விழுந்துவிடும். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்க, நான்தான் முள்ளைப் படித்தேன். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டின, எதுவும் விழவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் மறுபடி புகை வந்தது, அப்பா முகம் சுண்டிவிட்டது. சைலன்சர்ல தங்கின ஆயில் எரிஞ்சு தீரணும் சார், ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க என்றார் நிதானம். ஊருக்கு வெளியே வரை போய்த் திரும்பினோம், அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில், இரண்டு பேரும் மஞ்சள் உறைமேல். திரும்பும்போது ஓரத்தில் நிறுத்தி இறங்கி அந்தக் கண்ணாடித் துணியை சைலன்சர் வாயருகே கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார், கறையில்லை, புகையும் இல்லை. வீட்டு வாசலில் வண்டி வாங்குபவர் கயிறும் கொக்கியுமாகக் காத்திருந்தார். அப்பா கார் ஜன்னலை இறக்கி, குடுக்கறதா இல்லீங்க, மன்னிச்சுக்குங்க என்றார். ஏன் சார், பேசிட்டோமே என்றார் அவர். பொண்ணோட வண்டிங்க என்று சொல்லிவிட்டு இவர் இறங்கி உள்ளே போய்விட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். என்னோடு பேசுகிறார், முக்கால்வாசி வண்டியைப் பற்றி, அதுவே போதும் எனக்கு. உன் போன் வந்தால் மட்டும் பழையபடி, அம்மாகிட்ட குடுக்கறேன். முறைத்துக்கொண்டு இல்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில்தான் நீ அங்கே ஒரு பழைய சின்ன வண்டி வாங்கியிருக்கிறேன் என்று எழுதினாய். நான் அதை அவர் காதில் விழும்படி படித்தேன், படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், வண்டி வாங்கிவிட்டாள் என்றால் வேரூன்றிவிட்டாள் என்றுதானே எடுத்துக்கொள்வார். அவர் எழுந்து சவரம் செய்யப் போய்விட்டார். சரி, மறுபடியும் வாத்தியார்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பாதி முகத்தில் நுரையோடு கதவருகே வந்து நின்று, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்காம் என்று கேட்டார். நீ அதை எழுதவில்லை என்றேன். பழசு வாங்கறவ அதைக்கூடவா சொல்ல மாட்டா என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார். அன்றிலிருந்து நான் வீட்டில் இந்தக் கடிதத்தை எடுத்தாலே தண்ணீர் குடிக்கவோ கடிகாரம் பார்க்கவோ மேஜைப் பக்கம் வந்து, அலமாரியைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து வருவதெல்லாம் அவர் அலமாரியிடம் சொன்னது, என் யோசனை எதுவும் இல்லை.

ஆயிலைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், நிறைய இருந்தால் நல்லது என்று நினைக்காதே, அதன் பலனை நாங்கள் பார்த்துவிட்டோம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய்போல வெளுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே பயப்படாதே, குளிர் ஊரில் பக்கத்துக் கடைக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டினால் எஞ்சின் முழுசாகச் சூடாகாமல் ஈரம் தங்கும், வாரம் ஒரு தடவை நல்ல தூரம் ஓட்டிவிட்டுத் துடைத்துப் பார், மறுபடியும் வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரும் குறைந்தால்தான் மெக்கானிக். அந்தத் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றாதே, உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும், சூடாக இருக்கும்போது மூடியில் கையே வைக்காதே. சூட்டு முள் மேலே ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டு ஓரங்கட்டி நிறுத்து, வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதே. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஓரம்கூடத் தேடாமல் எஞ்சினை அணை என்கிறார், அது கொஞ்சம் அதிகம், ஓரம் பார்த்தே நிறுத்து, இது மட்டும் என் யோசனை. நீலப் புகை ஆயில், கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம், குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வெறும் ஆவி, வண்டி சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் காட்டிவிடு. ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாதே, முள் எழும்பும்வரை பொறுமையாக ஓட்டு. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்றவரைக் கேள், அது அறுந்தால் எஞ்சின் மொத்தமும் போய்விடும். பாட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் துடைத்துவிடு. யாராவது புகையை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சினை இறக்கச் சொன்னால் சிரித்துவிட்டு வேறு ஆளைப் பார். இதில் எதையாவது விட்டிருந்தால் என்னைத் திட்டாதே, அவர் நடந்துகொண்டே சொல்கிறார்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. வாத்தியார் தங்கை வீட்டிலிருந்து வந்துவிட்டார், நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, என்னைக் கேக்காமலே முடிச்சுட்டீங்களா என்று கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் கேட்டார். ஞாயிறன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறோம், துணியை நான் பிடித்துக்கொள்கிறேன், அப்பா பார்த்த பிறகு நானும் ஒரு தரம் பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, தூக்கம் வந்தால் ஓட்டாதே, சீட் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தாதே. நீ போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதாகவே இருக்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, இருவருடையதும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்றை மறக்காதே. கிலோமீட்டர் எவ்வளவு என்று எனக்கு எழுதி அனுப்பாதே, வீட்டுக்கும் போன் செய்யாதே. இங்கே மதிய நேரமாகப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு அவர் கடைக்குத் திரும்பிய பிறகு, கடை போனுக்குக் கூப்பிடு, பேசப் பழகிய காலத்திலேயே அந்த எண்ணை மனப்பாடம் செய்தவள் நீ. அந்த வேளையில் ஒருவரும் வர மாட்டார்கள், அவர் மட்டும்தான் இருப்பார். போனைக் கைமாற்றிக் கொடுக்க அங்கே நான் இருக்க மாட்டேன். அவர் எடுத்ததும் சுகம் எல்லாம் விசாரிக்காதே, கிலோமீட்டரைச் சொல்.

அன்புடன்,
அம்மா